செப்டம்பர் மூன்றாம் வாரம்: அமெரிக்கப் பண்ணைப் பாதுகாப்பு வாரம் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

வேளாண் பொறியியல் படித்துவிட்டு அயோவா மாநிலத்தில் பண்ணைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பிழைப்பு. இந்த வாரம் பற்றி நான் பேச்சுவாக்கில் சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (மதுரை): விவசாயிகளின் பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு தேசிய வாரமா? எப்போது வந்தது? லீவு உண்டா சார்?

லீவு கிடையாது. அறுவடை தொடங்கும் நேரத்தில் எந்த விவசாயி லீவு எடுப்பான்!

தொடங்கியது 1944இல். இளைஞர்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள். வயலில் மிஞ்சியது பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வயசாளிகள். பல இடங்களில் ஜெர்மானியப் போர்க்கைதிகளைக்கூட வயல்வேலைக்கு அனுப்பினார்கள். குதிரைகள் போய் டிராக்டர் வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். பழக்கமில்லாத கை, புது இயந்திரம். ஒருவர் கை போனால் அந்தப் பண்ணையின் விளைச்சலும் போகும், படைக்கு உணவு குறையும். அந்தச் சூழலில்தான் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் முதல் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதன் பின்னால் இருந்தது விபத்துத் தடுப்புக்காக 1913இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு மன்றம். ஆரம்பத்தில் ஜூலையில் நடந்தது, பிறகு மக்காச்சோளமும் சோயாவும் அறுவடைக்கு வரும் செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்கு மாறியது. இப்போது அயோவாவில் பியோஸ்டா என்ற சிற்றூரில் உள்ள வேளாண் பாதுகாப்புக் கல்வி மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

கேள்வி (சிகாகோ): இங்கே டோனட்டுக்கு ஒரு நாள், பீட்சாவுக்கு ஒரு நாள் என்று தினமும் ஏதோ ஒரு தினம் வருகிறது. இதுவும் அந்த வகைதானா? ஜனாதிபதி கையெழுத்துக்குச் சட்ட வலு இருக்கிறதா?

நல்ல கேள்வி தம்பி. இப்படிப்பட்ட நாட்களில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒரே குடத்தில் போட்டுவிடாதீர்கள்.

சட்டத்திலேயே நிரந்தரமாக எழுதப்பட்ட நாட்கள் ஒரு வகை. போரில் பிள்ளையை இழந்த தாய்மாருக்கான 'தங்க நட்சத்திரத் தாய்மார் தினம்' அப்படிப்பட்டது. 1936 முதல் செப்டம்பரின் கடைசி ஞாயிறு. இன்னொரு வகையை ஜனாதிபதி ஆண்டுதோறும் புதிதாகப் பிரகடனம் செய்கிறார், பண்ணைப் பாதுகாப்பு வாரம் இங்கே வரும். மூன்றாவது, வியாபாரிகளும் சங்கங்களும் தாங்களே வைத்துக்கொள்பவை. உங்கள் டோனட் அங்கே.

ஒரு காலத்தில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் தொகுதிக்கு நல்ல பெயர் வாங்க 'இன்னார் தினம்', 'இன்ன வாரம்' என்று மசோதாக்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். நேரம் வீணாகிறது என்று 1995இல் கீழவை தன் விதியில் இதற்குத் தடை போட்டுவிட்டது.

சட்ட வலுவைக் கேட்டீர்கள். இந்தப் பிரகடனம் யாரையும் எதையும் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. விவசாயிகளைப் பாராட்டும், கவனமாக இருக்கச் சொல்லும், கடைசியில் நாடு விடுதலை பெற்று எத்தனையாவது ஆண்டு என்று பழைய பாணியில் எண்ணி முடிக்கும். அவ்வளவுதான்.

கேள்வி (நியூ ஜெர்சி): அண்ணா, எனக்குச் செப்டம்பர் 17 அன்று குடியுரிமை உறுதிமொழி. அந்த வாரமும் உங்கள் வாரமும் ஒன்றாக வருகிறதே, ஏதாவது தொடர்பா?

வாழ்த்துகள் தங்கச்சி! தொடர்பு எதுவும் இல்லை, காலண்டர் செய்த வேலை. 1787இல் அரசியல் சாசனம் கையெழுத்தான நாள் செப்டம்பர் 17. புதிய குடிமக்களைப் பெருமைப்படுத்த 1940இல் 'நான் ஓர் அமெரிக்கன் தினம்' என்று மே மாதத்தில் ஒரு நாள் வைத்தார்கள். 1952இல் அது குடியுரிமை தினமாகிச் செப்டம்பர் 17க்கு வந்தது. 2004இல் 'அரசியல் சாசன தினம்' என்பதையும் சேர்த்து, மத்திய அரசின் நிதி வாங்கும் கல்வி நிறுவனங்கள் அன்று சாசனம் பற்றி நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று விதித்தார்கள்.

செப்டம்பர் நடுப்பகுதியே இப்படித்தான் நெரிசல். மூன்றாம் வெள்ளி போர்க்கைதிகளுக்கும் காணாமல்போன வீரர்களுக்கும். செப்டம்பர் 15இல், ஸ்பானிய மொழி வழியினருக்கான ஹிஸ்பானிக் மரபு மாதம் தொடங்கும். 1968இல் ஒரு வாரமாக இருந்தது, 1988இல் மாதமானது. பல மத்திய அமெரிக்க நாடுகள் விடுதலை பெற்ற நாள் அந்தப் பதினைந்து, மெக்சிகோவுக்குப் பதினாறு.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கலிஃபோர்னியாத் தோட்டங்களில் கூலிக்குப் பறிப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்பானிய மொழி பேசுபவர்கள். ஆனால் ஒரு பக்கம் 'ஹிஸ்பானிக் மரபு' என்று நடனமும் உணவும் நடக்கும், மறுபக்கம் பண்ணைப் பாதுகாப்புச் சுவரொட்டியில் சொந்த நிலத்தில் டிராக்டரோடு நிற்கும் குடும்பத்தின் படம் இருக்கும். ஒரே வாரத்தில் நடக்கும் இரண்டிலும் அந்தக் கூலியாளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (திருவாரூர்): நானும் டிராக்டர் வைத்திருப்பவன். அங்கே அப்படி என்னதான் சொல்லித்தருகிறீர்கள்?

ஐயா, முதல் பாடமே கவிழ்வதுதான். அமெரிக்கப் பண்ணைகளில் பல காலமாக அதிக உயிர் குடித்தது டிராக்டர் கவிழ்வது.

பக்கவாட்டில் சாய்வது எல்லாருக்கும் தெரியும். பின்பக்கமாக மல்லாந்து விழுவதைப் பலர் நம்புவதில்லை. சேற்றில் பின்சக்கரம் புதைந்து நின்றுவிட்டது என்று வையுங்கள். முன்னே கட்டை கொடுத்து கியரைப் போட்டு ஒரே அழுத்தாக அழுத்துகிறோம். சக்கரம் சுற்ற முடியாதபோது அச்சைச் சுற்றி வண்டியே சுழன்று முன்பக்கம் தூக்கிவிடும். இழுவைச் சங்கிலியைக் கீழே உள்ள கொக்கியில் மாட்டாமல் மேலே மாட்டினாலும் இதேதான். முழுதாக மல்லாக்க ஒன்றரை வினாடி போதும். முக்கால் வினாடியிலேயே மீட்க முடியாத கட்டம் தாண்டிவிடும். 'குதித்துவிடலாம்' என்பவர்களிடம் நான் ஒரு பேனாவைக் கீழே போட்டு அது தரையில் விழுமுன் எழுந்து நில்லுங்கள் என்பேன். யாரும் ஜெயித்ததில்லை.

இதற்கு மருந்து, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் இரும்புச் சட்டம். 'ரோப்ஸ்' என்பார்கள். சட்டமும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால் கவிழ்ந்தாலும் உயிர் போவது மிக அபூர்வம். பெல்ட் போடாமல் சட்டம் மட்டும் இருந்தால், தூக்கியெறியப்பட்டு அந்தச் சட்டத்துக்கு அடியிலேயே நசுங்கலாம். சட்டமே இல்லாத வண்டியில் பெல்ட் போடாதீர்கள், அது வண்டியோடு கட்டிப்போட்ட மாதிரி. மரக்கிளை இடிக்கிறது என்று மடக்கிவைத்த சட்டமும் இல்லாததற்குச் சமம்.

கேள்வி (சேலம்): அப்படியானால் அரசு கட்டாயம் ஆக்கிவிட வேண்டியதுதானே? வாரம் கொண்டாடி என்ன பயன்?

எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கட்டாயம் ஆக்கினார்கள், பாதி தூரம். 1976 அக்டோபர் 25க்குப் பிறகு செய்யப்பட்ட டிராக்டரைத் தொழிலாளி ஓட்டினால் ரோப்ஸ் இருக்க வேண்டும் என்று தொழிற்பாதுகாப்பு அமைப்பான 'ஓஷா' விதி போட்டது. கவனியுங்கள், தொழிலாளி ஓட்டினால். சொந்த நிலத்தில் தானே ஓட்டுபவர் தொழிலாளி அல்ல, அவர் மனைவி மக்களும் அல்ல. அதோடு 1976 முதல் ஆண்டுதோறும் நிதி மசோதாவில் காங்கிரஸ் ஒரு வரி சேர்க்கிறது. குடும்பத்தாரைத் தவிர்த்துப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவாக வேலைக்கு வைத்திருந்து, தற்காலிகத் தொழிலாளர் குடியிருப்பும் நடத்தாத பண்ணைமீது ஓஷா தன் விதிகளைச் செயல்படுத்தப் பணம் செலவழிக்கக் கூடாது. அமெரிக்கப் பண்ணைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். ஆள் செத்தாலும் அதிகாரி வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

2022 கணக்கைப் பாருங்கள். முழுநேர வேலைக் கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு எல்லாத் தொழில்களிலும் சேர்த்து இறப்பு 3.7. விவசாயம், வனம், மீன்பிடி, வேட்டை சேர்ந்த பிரிவில் 18.6.

ஆக, சட்டம் நுழைய முடியாத வாசலில் பாராட்டும் அறிவுரையும் நுழைகின்றன. இந்த வாரத்தின் பிறப்பு போர்க்காலம் என்றால், இத்தனை காலம் அது நிலைப்பதற்குக் காரணம் இந்த ஓட்டைதான் என்பது என் கருத்து. பயனே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 1985 முதல் தயாரிப்பாளர்கள் தாங்களாகவே புது வண்டிகளில் ரோப்ஸ் வைத்து விற்கத் தொடங்கினார்கள். பழைய வண்டிக்காரர்களுக்காக நியூயார்க் மாநிலத்தில் 2006இல் பெரும்பகுதி செலவைத் திருப்பித்தரும் திட்டம் வந்தது. செப்டம்பர் கூட்டங்களில் அந்த விண்ணப்பத்தைக் கையில் கொடுக்கும்போது எழுதுகிறார்கள். காசு குறைந்தால் எழுதுகிறார்கள், பிரகடனத்தை வாசித்தால் எழுதுவதில்லை.

கேள்வி (டெஸ் மாய்ன்ஸ்): நெடுஞ்சாலை ஓரமெல்லாம் வெள்ளி நிறத்தில் பெரிய உருளைகள் நிற்கின்றனவே, அதில் ஆள் மூழ்குவார்கள் என்கிறார்கள். தானியத்தில் எப்படி மூழ்குவது?

அவை எஃகுக் குதிர்கள். நம் பாட்டிமார் வீட்டு நெல்லுக்குதிரின் கொள்ளுப்பேரன், உயரம் மட்டும் இரண்டு மூன்று மாடி. அடியில் தானியத்தை வெளியே தள்ளும் 'ஆகர்' என்ற திருகு சுற்றும்போது நடுவில் தானியம் புனல்போல் உள்ளே இறங்கும். மேலே நிற்பவர் கால் சிக்கி நாலைந்து வினாடியில் நகர முடியாமல் போவார், இருபது சொச்சம் வினாடியில் தலையும் மறையும். ஈரத்தோடு போட்ட மக்காச்சோளம் மேலே பாலம்போல் கட்டிக்கொண்டு அடியில் வெற்றிடமாகவும் இருக்கும். அதைக் கழியால் குத்திவிட ஏறுபவர்தான் விழுகிறார்.

2010 ஜூலையில் இலினாய் மாநிலத்தின் மவுண்ட் கேரல் ஊரில் 14 வயதுப் பையனும் 19 வயது இளைஞனும் ஒரே குதிரில் இறந்தார்கள். இன்றும் பயிற்சிகளில் அதைச் சொல்லாமல் இருப்பதில்லை.

நெஞ்சளவு புதைந்தவரைக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. உடம்பு தாங்காது. ஆளைச் சுற்றித் தகடுகளை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு குழாய்போல் மூட்டி, உள்ளிருக்கும் தானியத்தை மட்டும் சிறு திருகால் வெளியேற்றுவார்கள். அந்தக் குழாய் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. நேஷன்வைடு காப்பீட்டு நிறுவனம் 2014 முதல் குதிர்ப் பாதுகாப்புக்கென்று தனி வாரம் நடத்தி, தீயணைப்புத் துறைகளுக்கு இந்தக் குழாய்களைக் கொடுக்கிறது. கொண்டாட்டங்களில் எனக்குப் பிடித்தது இந்த மாதிரிதான். வாரம் முடிந்த பிறகும் ஒரு பொருள் ஊரில் மிஞ்சும்.

கேள்வி (டாலஸ்): பிள்ளைகளை வேலை வாங்கத் தடை இல்லையா?

கூலிக்கு என்றால், 16 வயதுக்குக் கீழ் ஆபத்தான பண்ணை வேலைகளுக்குத் தடை உண்டு. பெற்றோரின் சொந்தப் பண்ணையில் எந்த வயதுக்கும் தடை இல்லை. 2011இல் தொழிலாளர் துறை கூலிச் சிறார்களுக்கான விதிகளைக் கடுமையாக்கப் பார்த்தது. 'எங்கள் குடும்ப வாழ்க்கையில் கை வைக்கிறார்கள்' என்று கிராமங்கள் கொதித்தன, 2012 ஏப்ரலில் வாபஸ். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, அப்பாவோடு வயலில் வளர்ந்தவன்தான் நானும். ஆனாலும் வாபஸ் வாங்கியது தவறு என்றே நினைக்கிறேன்.

கேள்வி (ஒஹாயோ): டிராக்டர்களின் பின்னால் உள்ள ஆரஞ்சு முக்கோணம் என்ன?

மெதுவாகச் செல்லும் வண்டி என்ற அடையாளம், மணிக்கு 25 மைலுக்குக் குறைவு என்று பொருள். உங்கள் ஊர்ச் சரக்குதான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கென் ஹார்க்னஸ் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கியது. நீங்கள் 55 மைல் வேகத்தில் வர, முன்னே டிராக்டர் 15இல் போனால், இடையிலுள்ள 90 மீட்டர் ஐந்தே வினாடியில் தீர்ந்துவிடும். முக்கோணம் தெரிந்ததும் காலை பிரேக்குக்குக் கொண்டுபோங்கள்.

குதிரை வண்டியில் போகும் எளிய கிறித்தவச் சமூகமான ஆமிஷ் மக்களில் ஒரு பிரிவினர், இந்தப் பளிச்சென்ற சின்னம் தங்கள் சமய எளிமைக்கு ஒவ்வாது என்று மறுத்தார்கள். மினசோட்டா உச்ச நீதிமன்றம் 1990இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வெள்ளைப் பட்டையும் விளக்கும் போதும் என்றானது.

கேள்வி (கோவை): மனநலமும் இந்த வாரத்தில் வருமா?

வரும், ஒரு நாள் தலைப்பே விவசாயியின் உடல், மன நலம். கடனும் தனிமையும் அங்கேயும் உண்டு. அயோவாவில் 1985இன் பண்ணை நெருக்கடியில் தொடங்கிய உதவித் தொலைபேசி இன்றும் இயங்குகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள் மனநல நெருக்கடியில் எந்நேரமும் 988 என்ற எண்ணை அழைக்கலாம்.

கேள்வி (தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை): நம் நாட்டில் இப்படி உண்டா? எங்கள் பள்ளியில் ஒரு நாள் நடத்த யோசனை சொல்லுங்கள்.

டீச்சர், மார்ச் 4 விபத்துத் தடுப்புக்கான தேசியப் பாதுகாப்பு தினம், டிசம்பர் 23 முன்னாள் பிரதமர் சரண் சிங் பிறந்தநாளில் விவசாயிகள் தினம், அக்டோபர் 15 பெண் விவசாயிகள் தினம் உண்டு. 2026ஐப் பெண் விவசாயி ஆண்டாக ஐ.நா. அறிவித்தது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போனவர்களுக்காக 1983இலேயே அபாய இயந்திரச் சட்டமும் வந்தது. பாராட்டு ஒரு தேதியில், பாதுகாப்பு வேறொரு தேதியில். உங்கள் பள்ளி இரண்டையும் ஒரே நாளில் வைக்கலாமே.

பேச்சுப்போட்டி வேண்டாம். பழைய சட்டை, பேண்ட்டில் வைக்கோல் திணித்து ஒரு பொம்மை செய்யுங்கள். பழகிய டிரைவர் ஒருவரை டிராக்டர் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகளைத் தூரத்தில் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, நீளக் கழியில் மாட்டிய பொம்மையின் சட்டை நுனி மட்டும் மூடி போடாத பி.டி.ஓ. ஷாஃப்ட்டில், அதாவது பிற கருவிகளை இயக்க டிராக்டரின் பின்னால் சுழலும் தண்டில், படும்படி நீட்ட வேண்டும். சிக்கியதும் கழியை விட்டுவிட வேண்டும், பிடித்து இழுக்கக் கூடாது. நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. பொம்மை போன இடம் தெரியாது.

பிறகு டிரைவர் இறங்குவார். அவர் முதலில் எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்தாரா என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் அவர்களே கத்தட்டும்.