கடற்கரையை அளந்து காட்டுங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் மீனவ ஊர்களில் பருவநிலை மாற்றம் பற்றிப் பேரணியும் வீதி நாடகமும் நடத்தினோம். கேட்டுவிட்டுக் கலைந்துவிடுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
– மாணவி, கடலூர்

பதில்: கரை அரிப்பைப் பற்றி அந்த ஊர்க்காரர்களுக்கு உங்களைவிட அதிகம் தெரியும். அதனால் சொல்லப் போகாமல் அளக்கப் போங்கள். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் அனுமதி கேளுங்கள். ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரை மணலின் ஏற்ற இறக்கத்தை அளக்க, 1961-இல் எமரி என்ற கடலியல் அறிஞர் எழுதிவைத்த எளிய முறை ஒன்று இருக்கிறது. ஒன்றரை மீட்டர் பிவிசி குழாய் இரண்டு வாங்கி, உச்சியைப் பூஜ்யமாக வைத்துக் கீழ்நோக்கி சென்டிமீட்டர் கோடு போடுங்கள். கோயில் படி, மீன் ஏலக்கூடத் திண்ணை மாதிரி அசையாத ஒன்றின் மூலைதான் தொடக்கம். அங்கே ஒரு குழாய், கடல் பக்கம் 2 மீட்டர் தள்ளி இன்னொன்று. கரைப் பக்கக் குழாயருகே நிற்பவர், எதிர்க்குழாயின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும்வரை கண்ணைத் தாழ்த்த வேண்டும். அந்தக் கோடு தன் குழாயில் 14-இல் பட்டால், அந்த 2 மீட்டரில் மணல் 14 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. மணல் ஏறும் இடத்தில் தன் குழாயின் உச்சியைத் தொடுவானத்தோடு சேர்த்து, எதிர்க்குழாயில் படிக்க வேண்டும். பிறகு பின்குழாயை முன்குழாய் நின்ற இடத்துக்கு மாற்றி, தண்ணீர் ஓரம்வரை இப்படியே போக வேண்டும்.

தப்பு நேர்வது பெரும்பாலும் இடைவெளியில்தான். நைலான் கயிறு நனைந்தால் நீளும்; 2 மீட்டர் கம்பு வைத்துக்கொள்ளுங்கள். குழாய் ஈரமணலில் புதையும். இரண்டுக்கும் அடியில் ஒரே கனமுள்ள பலகைத் துண்டு வையுங்கள். நம் கரை கிழக்குப் பார்த்தது, காலையில் வெயில் கண்ணைக் கூசும். தண்ணீர் வற்றும் நேரம் பிற்பகலில் அமையும் நாளாகப் பாருங்கள். மாதந்தோறும் அதே திசையில் நடக்க, தொடக்கப் புள்ளிக்குப் பின்னால் இன்னோர் அடையாளமும் வேண்டும்.

ஒவ்வொரு மாத அளவையும் கரையின் சரிவுக் கோடாக வரைந்து, அந்த வரைபடத்தை ஏலக்கூடச் சுவரில் ஒட்டுங்கள். ஓர் ஆண்டு முடியும்வரை எந்த முடிவும் சொல்லாதீர்கள்: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் எடுத்துப்போகும் மணலில் பெரும்பகுதி அடுத்த மாதங்களில் திரும்பிவரும்.

கேள்வி: அரிப்புக்கெல்லாம் பருவநிலை மாற்றம்தான் காரணம் என்று சொல்லலாமா?
– தன்னார்வலர், நாகப்பட்டினம்

பதில்: கூடாது. உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதில் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். குழாயில் ஒரு கோடு 10 மில்லிமீட்டர், ஆக ஒரு வருட அளவையில் அந்த உயர்வு தெரியவே தெரியாது. ஆனால் உயர்ந்த மட்டத்தின் மேல்தான் ஒவ்வொரு புயலின் அலையும் ஏறுகிறது. முன்பு நின்ற இடத்தைத் தாண்டி உள்ளே வருகிறது.

ஒரே பருவத்தில் பத்து மீட்டர் கரை போனால் முதலில் பக்கத்தில் துறைமுகச் சுவரோ தூண்டில் வளைவோ (கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டி நீட்டும் தடுப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். சோழமண்டலக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகச் சுவர் அந்த மணலை மறித்தபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஆறுகளில் அணை கட்டியதாலும் மணல் அள்ளியதாலும் கடலுக்கு வரும் மணலும் குறைந்துவிட்டது. இதை மறைத்துப் பழியைப் பருவநிலை மேல் மட்டும் போட்டால், கண்முன் கல் கொட்டுவதைப் பார்த்த ஊர் உங்களை நம்பாது. சுவர்ப்படத்தில் அருகிலுள்ள கல்சுவர்கள், அவை கட்டிய ஆண்டு, புயல் வந்த தேதிகள் மூன்றையும் குறித்துவையுங்கள். ஆண்டுகளைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம்.