சிறையிலிருந்து விடுதலையாகி வருபவர்களுக்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும்?

விடுதலையாகி வருபவர்கள் கொஞ்ச காலம் தங்கி, மெல்ல ஊரோடு சேர ஒரு இடம் கட்டினால் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கட்டடத் தொழில் தெரியாது. என் தாய்மாமா ஆயுள் கைதியாக இருந்தவர். எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி, பத்து வருஷம் முடித்த ஆயுள் கைதிகளை 2018-இல் தமிழக அரசு விடுவித்ததே, அப்போது வெளியே வந்தார். வந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் பத்து நாள் அவர் ஒரு கதவைக்கூடத் தானாகத் திறக்கவில்லை. கொல்லைப்பக்கம் போக வேண்டுமென்றால் கதவு முன்னால் போய் நிற்பார், யாராவது வந்து தாழ்ப்பாளை நீக்கும் வரைக்கும். தாழ்ப்பாள் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணி ஆனால் எங்கே இருந்தாலும் வீட்டுக்குள் வந்துவிடுவார், சிறையில் அது லாக்கப் நேரம், அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ராத்திரி முழுக்க விளக்கு எரியும் என்பதால் இங்கே அணைத்தால் தூக்கம் வராது. "மாப்ள, படுக்கட்டா?" என்று என்னிடம் அனுமதி கேட்பார். எனக்கு அப்போது இருபத்தி நாலு வயசு, என்ன சொல்வதென்றே தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அதனால் நான் முதலில் கேட்பது தனி அறை. உள்பக்கம் தாழ்ப்பாள், சாவி அவர் கையில், தலைமாட்டில் விளக்கு சுவிட்ச். இருபது கட்டிலை வரிசையாகப் போட்டு வாசலில் ஒரு வார்டனை உட்கார வைத்தால், எவ்வளவு அன்பாக நடத்தினாலும் அவர்களுக்கு அது இன்னொரு சிறை பிளாக்தான்.

அடுத்தது விலாசம். மாமாவுக்கு மூன்று இடத்தில் வாடகைக்கு வீடு பார்த்தோம். மூன்றாவது வீட்டில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரேஷன் கார்டில் அவர் பெயரை எப்போதோ எடுத்தாயிற்று. அவர் பெயரில் விலாசச் சான்று எதுவும் இல்லாமல் ஆதாரில் முகவரி மாற்ற முடியவில்லை, அதனால் பேங்க் கணக்கும் இழுத்துக்கொண்டே போனது. நீங்கள் கட்டுகிற இடம் கதவு எண்ணோடு தங்குகிறவருக்கு முகவரிச் சான்று கொடுக்கிற இடமாக இருக்கட்டும். அதற்கே பாதிப் பாரம் இறங்கும்.

அப்புறம், நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஊருக்கு வெளியே போய்விடாதீர்கள். பஸ் நிற்கிற ரோட்டுப் பக்கம் வேண்டும், முன்பக்கம் ஒரு கடையோ பட்டறையோ இருக்க வேண்டும். இந்தியன் ஆயிலோடு சேர்ந்து நம் சிறைத்துறை நடத்துகிற பெட்ரோல் பங்க்குகளைப் பார்த்திருப்பீர்கள். பெண் கைதிகளே நடத்தும் பங்க்கை 2023-இல் புழலில் திறந்தார்கள். வண்டிக்குப் பெட்ரோல் போட வருகிறவர் மீட்டரைப் பார்ப்பார், காசு கொடுப்பார், போய்விடுவார். அப்படிச் சாதாரணமாக ஒரு மனுஷன் முன்னால் நிற்பதுதான் பல வருஷம் உள்ளே இருந்தவருக்குப் பெரிய பயிற்சி. "மறுவாழ்வு இல்லம்" என்று வாசலில் பெரிய போர்டு வைத்தீர்களோ, அது போச்சு.

ஜெய்ப்பூர் பக்கம் சாங்கானேரில் 1963-இலிருந்து ஒரு திறந்தவெளிச் சிறை இருக்கிறது. தண்டனை முடியாதவர்கள்தான் அங்கே இருக்கிறார்கள், ஆனாலும் வீட்டில் மனைவி பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறார்கள், காலையில் வெளியே வேலைக்குப் போகிறார்கள், ஆஜர் எடுக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அவர்களுக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து இருந்து உள்விவகாரங்களைப் பார்த்துக்கொள்கிறது. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய விவகாரம் 2024-இல் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனது. நாடு முழுக்கப் பார்த்துப் படிக்க வேண்டிய இடம் அது, அதில் கை வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் டெலான்சி ஸ்ட்ரீட் என்று, சிறையிலிருந்து வந்தவர்கள் தங்கி வாழ்க்கையைத் திரும்பத் தொடங்க 1971-இல் ஆரம்பித்த ஒரு அமைப்பும் உண்டு. கடற்கரை ரோட்டில் இருக்கிற அவர்களுடைய கட்டடத்தைப் பெரும்பாலும் அங்கே தங்கியிருந்தவர்களே கட்டினார்கள். கீழே ஹோட்டலும் நடத்தி வந்தார்கள்.

குடும்பத்தார் வந்து பார்க்கவும் இடம் விடுங்கள். மனு போட்டுச் சிறையில் அவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் மாமா மகள் வலைக்கு இந்தப்பக்கம் நின்று, கூட்டத்துச் சத்தத்தில் கத்திக் கத்திப் பேசித்தான் பழக்கம். அவர் வீட்டுக்கு வந்தபிறகு எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், இரண்டு பேருக்கும் வாயில் வார்த்தையே வரவில்லை. ஒருநாள் அம்மா இரண்டு பேர் முன்னாலும் முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டி உரிக்கச் சொன்னாள். குனிந்துகொண்டே உரித்தார்கள், கால் படி முடிவதற்குள் அவள் தன் கல்யாண விஷயத்தை எடுத்துவிட்டாள். ஆலோசனை அறைக்கு ஆகிற செலவில் நாலு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி ஒரு பெரிய சமையலறை கட்டுங்கள். பெண்கள் தங்குவதாக இருந்தால் பிள்ளைகளையும் கூட வைத்துக்கொள்ள இடம் வேண்டும், பல பேருக்குப் புருஷன் வீட்டிலும் பிறந்த வீட்டிலும் கதவு திறக்காது.

பிளான் போடும் முன்பு வெளியே வந்தவர்கள் இரண்டு மூன்று பேரை உட்கார வைத்துக் கேளுங்கள். எங்கள் கொல்லையில் மாமாவுக்கு ஒரு அறை கட்டியபோது அவரே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். இரண்டு ஜன்னல் கேட்டார், இரண்டுக்கும் கம்பி வேண்டாம் என்றுவிட்டார். "திருடன் வந்துருவான்ணே" என்று கொத்தனார் அரைமணி நேரம் மல்லுக்கட்டிப் பார்த்தார், அவர் கேட்கவில்லை. கொசுவலை மட்டும் அடித்திருக்கிறோம்.