ரயில் பாதைக்கு இத்தனை பில்லியனா? கேட்டதும் சொன்னதும்

செங்காங்கிலிருந்து: அண்ணா, சிங்கப்பூரில் கட்டும் குறுக்குத் தீவு ரயில் பாதையின் முதல் கட்டத்துக்கே 13 பில்லியன் வெள்ளிக்கு மேல் என்கிறார்கள். ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி கட்டணத்தில் இதை எப்போது எடுப்பது?

எடுக்கப் போவதில்லை, தம்பி. எடுக்க வேண்டும் என்ற கணக்கும் கிடையாது. சுரங்கம், நிலையம், முதல் தொகுதி ரயில்கள் எல்லாம் அரசாங்கச் செலவு. நாம் கார்டைத் தட்டும் காசு, ரயிலை ஓட்டும் செலவுக்கு. அதுவும் போதாமல் பேருந்துக்கும் ரயிலுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2 பில்லியனுக்கு மேல் மானியம் போகிறது. ஆகவே, பாதை போடாவிட்டால் அந்தக் கூட்டம் எதில் போகும் என்றுதான் கேட்க வேண்டும். தீவின் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைச் சாலைகளே எடுத்துக்கொண்டுவிட்டன. இன்னும் அகலப்படுத்த இடம் ஏது?

ஈசூனிலிருந்து: அந்தப் பணத்தில் பேருந்து வாங்கி விடலாமே?

இதே சண்டை 1980லேயே நடந்தது. ஹார்வர்ட் குழு ஒன்று, பேருந்தே போதும் என்றது. அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீயும் ரயிலுக்குப் பெரிதாக ஆதரவு காட்டவில்லை. அன்றைய தொடர்பு அமைச்சர் ஓங் டெங் சியோங் ரயிலுக்காக விடாமல் வாதாடினார், 1982ல் ரயிலே கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். செலவு சுமார் 5 பில்லியன், அன்றைக்கு அது மலைப்பான தொகை. 1987 நவம்பரில் இயோ சூ காங் - தோ பாயோ இடையே முதல் ரயில் ஓடியது.

சரி, கணக்குக்கு வருவோம். ஆறு பெட்டி ரயில் நிரம்பினால் 1,900 பேர் வரை. ஈரடுக்குப் பேருந்தில் 130 பேர் என்று வையுங்கள். ஒரு ரயிலுக்குப் பதில் 14, 15 பேருந்து, அதுவும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை. அத்தனைக்கும் ஓட்டுநர் வேண்டும், டிப்போ வேண்டும், ஆர்ச்சர்ட்டில் நிறுத்த இடம் வேண்டும். ஆனால் கூட்டம் குறைந்த பேட்டைகளுக்குப் பேருந்துதான் சரி. அங்கேயும் ரயில் கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குறுக்குத் தீவுப் பாதைக்காகக் காட்டுக்கு அடியில் ஏன் தோண்ட வேண்டும்? சுற்றிப் போனால் என்ன?

மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியைச் சுற்றிப் போனால் கூடுதலாகச் சுமார் 2 பில்லியன் வெள்ளி. பயணமும் ஆறு நிமிடம் நீளும். அந்த வழியில் சில வீடுகளின் நிலத்தை எடுக்க வேண்டியிருக்கலாம் என்ற கவலையும் இருந்தது. 2019 டிசம்பரில் நேர்வழியையே தேர்ந்தெடுத்தார்கள், தரைக்குக் கீழே ஏறக்குறைய 70 மீட்டரில். ஆறு நிமிடம் அற்பமாகத் தெரியும். தினமும் ஏறும் எல்லாருக்கும், பல ஆண்டுகளுக்கு என்று பெருக்கினால் அற்பமில்லை. காட்டுக்கு மட்டும் அப்படி விலை போட முடியாது. இயற்கை ஆர்வலர்களின் வருத்தம் நியாயமானதுதான்.

புதுப் பாதை வந்தால் கட்டணம் ஏறுமா?

கட்டுமானச் செலவுக்காக ஏறாது. எரிசக்தி, சம்பளம், விலைவாசி ஏறினால் ஏறும். பொதுப் போக்குவரத்து மன்றம் ஆண்டுதோறும் கட்டணத்தை மறுபரிசீலனை செய்கிறது.

ஆளில்லாத இடத்தில் நிலையம் கட்டுவது வீண்தானே?

புவாங்கோக் நினைவிருக்கிறதா? வடகிழக்குப் பாதை 2003ல் திறந்தபோது அந்த நிலையம் கட்டி முடித்தும் பூட்டியே கிடந்தது. 2005ல் அமைச்சர் வருகையின்போது வீண் செலவு என்று கிண்டலடிக்க யாரோ அட்டையில் வெள்ளை யானைகளை வெட்டி வெளியே நட்டு வைத்துவிட்டார்கள்! 2006ல் திறந்தார்கள். அதே பாதையின் உட்லீ நிலையம் 2011 வரை காத்திருந்தது. பூட்டி வைத்தால் விளக்கு, குளிர்சாதனம், ஊழியர் செலவாவது மிச்சம். ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தில் பின்னால் ஒரு நிலையத்தைச் செருகுவதை விட இது எவ்வளவோ மலிவு.