மூச்சை முதலில் வெளியே விடுங்கள்

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்பு வரை நிற்காமல் 5 கிலோமீட்டர் ஓடுவேன். முழங்கால் வலி, வேலை, சோம்பல் என்று ஏதேதோ காரணத்தால் விட்டுப்போனது. போன வாரம் ஓடப் போனால் 300 மீட்டர் தாண்டுவதற்குள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. வயது 43, சிகரெட் பழக்கம் கிடையாது. நுரையீரல் கெட்டுவிட்டதா?

பதில்: நுரையீரலைத் திட்டாதீர்கள், பாவம், அதன் மேல் பெரிய தப்பு இல்லை. ஓட்டத்தை நிறுத்தினால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. ஓரிரு வாரத்திலேயே அது இறங்க ஆரம்பித்துவிடும், அதனால் இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தம் குறையும், பழைய வேகத்தில் ஓட இதயம் கூடுதலாகத் துடித்தாக வேண்டும். மாதக்கணக்கில் சும்மா இருந்தால் தசைக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் போய்விடும். தசை சீக்கிரமே திணறி அமிலத்தை ரத்தத்தில் கொட்டும், அதைச் சரிக்கட்டத்தான் உடம்பு வேகவேகமாக மூச்சு விடுகிறது.

இங்கேதான் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுகிறோம். மூச்சு வாங்கினால் காற்று போதவில்லை என்று நினைத்து வாயைப் பிளந்து உள்ளே இழுக்கிறோம். வெளியே விடுகிற மூச்சிலும்கூட ஏறக்குறைய 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறது (உள்ளே போவது 21). மூச்சுத் திணறுகிற உணர்வைக் கிளப்புவதில் பெரிய பங்கு கார்பன் டை ஆக்சைடுக்குத்தான். அதனால் திணறும்போது உள்ளே இழுக்கப் போராடாமல், உதட்டைக் குவித்து ஊதுகிற மாதிரி நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே வரவேண்டியது தானாக வரும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி காற்று தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும், ரத்தத்துக்குப் பயன்படாது. 500 மில்லியாக 12 தடவை மூச்சு விட்டால் மொத்தம் 6 லிட்டர், அதில் பயன்படுவது 4.2 லிட்டர். அதே 6 லிட்டரை 250 மில்லியாக 24 தடவை விட்டால் பயன்படுவது வெறும் 2.4 லிட்டர். நெஞ்சுக்கு மேலேயே விடுகிற குட்டி மூச்சு இப்படித்தான் ஏமாற்றும். வயிற்றில் கை வைத்துப் பாருங்கள், மூச்சு இழுக்கும்போது கை முன்னே வர வேண்டும், தோள் ஏறக் கூடாது. ஓடும்போது இது வராது, படுத்துக்கொண்டு தினம் ஐந்து நிமிடம் பழகினால்தான் வரும்.

சரி, எப்படித் திரும்ப ஆரம்பிப்பது? ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, 1 நிமிடம் மெதுவோட்டம், 2 நிமிடம் நடை, இப்படி 8 சுற்று. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இரண்டு வாரம் கழித்து ஓட்டத்தை 2 நிமிடமாக்கலாம். முதல் மாத முடிவில் மூச்சு நன்றாகப் பழகியிருக்கும், உங்களுக்கு ஆபத்தே அப்போதுதான். இதயமும் தசையும் தேறுகிற வேகத்தில் தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்கள் தேறாது, மூச்சு இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டினால் பழைய முழங்கால் உடனே ஞாபகப்படுத்தும். நானும் ஒரு முறை இப்படி அவசரப்பட்டு ஆறு வாரம் நொண்டியவன்தான்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம், சும்மா இருக்கும்போதே இரைப்பு, இதில் எது வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள். ஓடி முடித்து ஐந்து, பத்து நிமிடத்தில் இருமலும் விசில் சத்தமும் வந்தால் அது ஆஸ்துமா வகையாக இருக்கலாம், அதையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மூக்கால் இழுத்து வாயால் விட வேண்டும் என்கிறார் ஜிம்மில் ஒருவர். மூக்கால் மட்டும்தான் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: நடக்கும்போது இருவர் சொல்வதும் சரி, வேகமாக ஓடும்போது இருவர் சொல்வதும் செல்லாது. மூக்கு காற்றை வடிகட்டி, ஈரமாக்கி, சூடாக்கி அனுப்பும், மெதுவான பயிற்சிக்கு அது போதும். ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதுமாயிருக்கும் உடம்புக்குக் கடும் ஓட்டத்தில் 100 லிட்டர்கூடத் தேவைப்படும், அவ்வளவையும் மூக்குத் துவாரம் வழியாக இழுக்க முயல்வது வீண் பிடிவாதம். வாயும் திறக்கட்டும், கூச்சம் வேண்டாம்.

கேள்வி: எடை தூக்கும்போது என்னை அறியாமல் தம் கட்டிவிடுகிறேன். சில சமயம் தலை சுற்றுகிறது. எனக்கு ரத்த அழுத்த மாத்திரையும் உண்டு.

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருக்க வேண்டும்! தம் கட்டித் தூக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, ரத்த அழுத்தம் எகிறும், மூச்சை விட்டதும் சட்டென்று இறங்கும். தலை சுற்றுவது அந்த இறக்கத்தில்தான். பெரிய எடை தூக்கும் வீரர்கள் முதுகுக்குப் பலம் சேர்க்க வேண்டுமென்றே இதைச் செய்வார்கள், அது உங்களுக்கு இல்லை. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். குழம்பினால் தூக்கும்போது வாய்விட்டு எண்ணுங்கள், பேசுகிறவர் தம் கட்ட முடியாது. அப்படியும் கட்டுகிறதென்றால் எடை அதிகம், குறையுங்கள். மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

கேள்வி: ஓடும்போது விலாவில் சுருக்கென்று பிடிக்கிறது.

பதில்: வேகத்தைக் குறைத்து நடங்கள், பிடித்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு லேசாக முன்னால் குனிந்து நீளமாக மூச்சு விடுங்கள், பெரும்பாலும் சில நிமிடத்தில் விட்டுவிடும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அல்லது ஒரே மடக்காக நிறையக் குடித்துவிட்டு ஓடினீர்களா? அப்படியானால் அதை நிறுத்திப் பாருங்கள். நின்ற பிறகும் வலி போகவில்லை என்றால் மறுபடி எனக்கு எழுதாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.