துண்டு போட்டு வைத்த நாற்காலி

கேள்வி: 'போட்டித் தேர்வில் நான்கு முறை தோற்றுவிட்டேன். கூடப் படித்த நண்பர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களோடு பேசவே கூச்சமாக இருக்கிறது. எனக்கு விடாமுயற்சி போதவில்லையா?'

இளநிலை உதவியாளர் போன்ற தமிழ்நாடு அரசு வேலைகளுக்கான குரூப் 4 தேர்வை நானும் நான்கு முறை எழுதியவன். 2018 பிப்ரவரி 11, 2019 செப்டம்பர் 1, 2022 ஜூலை 24, 2024 ஜூன் 9. இந்தத் தேதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான்கிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஜெயித்தவன் சொல்லும் புத்திமதி என்று நினைத்துவிடக் கூடாது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 2022 தேர்வுக்கு 7,301 இடங்கள் என்று அறிவித்தார்கள். பிறகு அது பத்தாயிரத்தைத் தாண்டியது. எழுதியவர்கள் 18 லட்சத்துக்கும் மேல். பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் 180 பேருக்கு ஓர் இடம். ஓர் அறையில் இருபது பேர் உட்கார்ந்து எழுதுகிறோம். அப்படியென்றால் ஒன்பது அறைகளுக்குச் சேர்த்து ஒருவருக்குத்தான் வேலை. மீதி 179 பேரும் உழைக்காதவர்களா? அந்த அறைகளில் உட்கார்ந்தவன் நான். கைக்குழந்தையை வாசலில் அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து எழுதிய அக்காக்களைப் பார்த்திருக்கிறேன். தோற்றதாலேயே ஒருவருக்கு விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த வகுத்தல் தெரியவில்லை என்று அர்த்தம். நீங்களும் உங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எனக்கு ஊர் திருச்சி, உறையூர். பி.ஏ. தமிழ் படித்தேன். சாயங்காலம் பெரிய கடை வீதியில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. 2018 தேர்வுக்கு வீட்டில் தனியாகப் படித்துவிட்டுப் போனேன். இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதி நூறும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு இருபத்தைந்துக்கும் விடைத்தாளில் ஏதோ ஒரு வட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கறுப்பாக்கிவிட்டு வந்தேன். முடிவு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதற்குப் பிறகுதான் மேலப்புலிவார்டு ரோட்டில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அந்த இடம் இன்னொரு வீடு மாதிரி. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான பள்ளிப் பாடப் புத்தகங்களை இருபத்தைந்து வயதில், முப்பது வயதில் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலிகளுக்குத்தான் போட்டி. முதலில் வருகிறவர் துண்டையோ தண்ணீர் பாட்டிலையோ போட்டு இடம் பிடித்துவிடுவார்.

அங்கேதான் லால்குடி அண்ணனைப் பார்த்தேன். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சில வருடம் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். எனக்குக் கணக்கு வராது, அவருக்குத் தமிழ் இலக்கியம் வராது. 'தம்பி, நீ எனக்கு அதைச் சொல்லிக்கொடு, நான் உனக்கு இதைச் சொல்லித்தர்றேன்' என்றார். நட்பு அவ்வளவு சாதாரணமாகத்தான் தொடங்கியது.

முதல் நாள் அவர் சொல்லிக்கொடுத்தது 'நேரமும் வேலையும்' பாடம். ஒருவர் ஒரு வேலையை 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள்? பள்ளியில் பின்னங்களைப் பார்த்தே ஓடியவன் நான். அவர் வேறு வழியில் போனார். '10, 15 ரெண்டுக்கும் பொதுவா 30ஐ எடுத்துக்க. மொத்தம் 30 மூட்டை இறக்கணும்னு வெச்சுக்க. ஒருத்தன் ஒரு நாளைக்கு மூணு மூட்டை இறக்குவான், இன்னொருத்தன் ரெண்டு. சேர்ந்தா அஞ்சு. முப்பது மூட்டைக்கு எத்தனை நாள்?' ஆறு நாள். அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் பள்ளியில் புரியாதது அந்தப் பத்து நிமிடத்தில் புரிந்தது.

பதிலுக்கு நான் அவருக்குப் பிசிராந்தையார் கதையைச் சொன்னேன். தேர்வுக்கு அது ஒரு மதிப்பெண் கேள்வி, பாரதிதாசனின் எந்த நாடகத்துக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது என்று கேட்பார்கள். அண்ணன் விடையை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகிற ஆள் இல்லை. 'யார் தம்பி அந்தப் பிசிராந்தையார்?' என்றார். எங்கள் உறையூருக்குச் சங்க காலத்தில் கோழி என்று ஒரு பெயர். அங்கே இருந்து ஆண்டவன் கோப்பெருஞ்சோழன். பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் நண்பர்கள். மகன்களோடு வந்த பகையால் சோழன் அரசைத் துறந்து வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் இருந்து, உயிர்விட உட்கார்ந்தான். உட்காரும்போது, என் நண்பன் வருவான், அவனுக்கும் ஓர் இடம் வையுங்கள் என்றான். பார்த்தே இராதவர் இவ்வளவு தூரம் எப்படி வருவார் என்று சுற்றியிருந்தவர்களுக்குச் சந்தேகம். நான் வசதியாக இருந்தபோது வராமல் இருந்திருக்கலாம், துன்பத்தில் இருக்கும்போது வராமல் இருக்க மாட்டான் என்று சொன்னான் சோழன். பிசிராந்தையார் வந்தார். புறநானூற்றில் இருக்கிறது இது. அண்ணன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

2019லும் இருவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் கொரோனா. நூலகத்தை மூடிவிட்டார்கள். 2020லும் குரூப் 4 நடக்கவில்லை, 2021லும் நடக்கவில்லை. எதற்குப் படிக்கிறோம், எப்போது தேர்வு என்று எதுவும் தெரியாத காலம் அது. துணிக்கடையும் பல மாதம் பூட்டியிருந்தது. நான் புத்தகங்களை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணனிடமிருந்து போன். 'எந்திரிச்சிட்டியா? இருபது கேள்வி கேளு, தமிழ்ல.' பரணில் ஏறிப் புத்தகத்தை இறக்கினேன். நான் இருபது கேட்டேன், அவர் இருபது கணக்குப் போடச் சொன்னார். அதற்கு மறுநாளும் ஆறு மணிக்குப் போன் வந்தது. தேர்வு நடந்த 2022 ஜூலை வரை, காய்ச்சலில் கிடந்த நாட்கள் போக, அந்த போன் நிற்கவில்லை. நான் விடாமல் படித்தேன் என்று அம்மா பெருமையாகச் சொல்வார். உண்மையில் ஆறு மணிக்கு ஒருவர் காத்திருப்பார் என்பதால்தான் எழுந்தேன். தனியாக இருந்திருந்தால் அந்த மூட்டை இன்றைக்கும் பரணில்தான் இருந்திருக்கும். விடாமுயற்சி என்றாலே ஒருவருக்குள் இருக்கும் இரும்பு மனசு என்று பேசுகிறார்கள். எனக்கு அப்படி ஒரு மனசு இல்லை. ஆறு மணி போன்தான் இருந்தது.

2022 தேர்வு எழுதி எட்டு மாதம் கழித்து, 2023 மார்ச் 24 அன்று முடிவு வந்தது. அண்ணன் தேறிவிட்டார். நான் இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பு, சென்னையில் கலந்தாய்வு எல்லாம் முடிந்து பெரம்பலூர் பக்கம் இளநிலை உதவியாளராகப் போனார்.

நீங்கள் கூச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது எனக்கு நன்றாகத் தெரியும். அது பொறாமைகூட இல்லை. அவருக்குக் கிடைத்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் அவர் பெயர் போனில் வந்தால் எடுக்கக் கை வராது. எடுத்தால் அவர் ஆறுதல் சொல்வார், அதைக் கேட்டு நான் அழுதுவிடுவேன் என்று பயம். இரண்டு மாதம் எடுக்கவில்லை. நூலகத்துக்கும் போகவில்லை. கல்யாண வீடுகளில் 'ரிசல்ட் என்னாச்சு?' என்று கேட்கிறவர்களுக்குப் பயந்து அங்கே போவதையும் நிறுத்தியிருந்தேன்.

ஒரு நாள் நூலகத்தில் கூடப் படிக்கும் பையன் ஒருவனைச் சத்திரம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். 'அண்ணே, லால்குடி அண்ணன் சனிக்கிழமை சனிக்கிழமை வர்றாரு. உங்க நாற்காலியில துண்டைப் போட்டு வெச்சிட்டுப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறாரு. யாரையும் உக்கார விட மாட்டேங்கிறாரு' என்றான். வேலை கிடைத்த மனிதருக்கு அங்கே என்ன வேலை? எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை போனேன். அந்தப் பச்சைத் துண்டு நாற்காலியில் கிடந்தது. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை என்னைவிட நன்றாகப் படித்தவர் அவர்.

பிறகு 2024லும் எழுதினேன். அந்த வருடம் அக்டோபர் 28 அன்று முடிவு வந்தது, எனக்கு இல்லை. எழுதும் முன்பே இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லியிருந்தேன். இதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எத்தனை முறை எழுதுவது என்பதை மனம் நன்றாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தோற்ற அன்று முடிவு செய்தால் கோபத்தில் விட்டுவிடுவோம், இல்லை ரோஷத்தில் இன்னும் ஐந்து வருடம் எழுதுவோம். 'அடுத்தது எழுதுறியா தம்பி?' என்று அண்ணன் கேட்டார். 'இல்லண்ணே' என்றேன். 'சரி, வா, டீ சாப்பிடலாம்' என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அறிவுரை இல்லை.

இப்போது ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கைக் கண்டு ஓடியவனுக்குக் கணக்கிலேயே சாப்பாடு. 2025 ஜூலை 12 அன்று குரூப் 4 நடந்தபோது என் மேசையில்தான் இருந்தேன். ஜிஎஸ்டிஆர்-1, அதாவது ஜிஎஸ்டிக்கான மாத விற்பனைக் கணக்கு, தாக்கல் செய்யக் கடைசி நாள் முந்தின நாள் 11ஆம் தேதிதான். அந்த ஓட்டம் முடிந்து கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். வலிக்கும் என்று நினைத்தேன். பெரிதாக வலிக்கவில்லை. நூலகத்தில் பழகிய எட்டு மணி நேர உட்காரலும், தப்பு விட்ட கணக்கைத் தனி நோட்டில் எழுதி மறுபடி போடும் பழக்கமும் என்னோடு வந்துவிட்டன. சம்பளம் அரசு வேலை அளவுக்கு இல்லை. ஆனால் வேலை பிடித்திருக்கிறது, இரவில் தூக்கம் வருகிறது, அண்ணன் வாரம் ஒரு முறை பேசுகிறார்.

உங்கள் நண்பர்களில் ஒருவரை இன்றைக்கே அழையுங்கள். எல்லோரும் வேண்டாம், ஒருவர் போதும். மன்னிப்பு, விளக்கம் எதுவும் தேவையில்லை. அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் நானும் என்னென்னவோ பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். வாய் வரவில்லை. கடைசியில், 'அண்ணே, குழாய்க் கணக்கு மறந்துபோச்சு' என்றேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, 'உக்காரு' என்றார்.