பில்லியர்ட்ஸ் மேசையும் வாக்காளர் பட்டியலும்

கேள்வி: இங்கிலாந்தின் சிறு நகரங்களில்கூட ‘கன்சர்வேட்டிவ் கிளப்’, ‘லிபரல் கிளப்’ என்று பெயர் பொறித்த விக்டோரியா காலத்துக் கட்டடங்கள் உள்ளனவாமே? கட்சி நடத்துவதற்குப் பில்லியர்ட்ஸ் மேசையும் மதுக்கூடமும் எதற்கு?

பதில்: லண்டனில் 1832இல் தோன்றிய கன்சர்வேட்டிவ்களின் கார்ல்ட்டன் கிளப்பும் 1836இல் தோன்றிய லிபரல்களின் ரிஃபார்ம் கிளப்பும் மேட்டுக்குடியினருக்கு உரியவை. தாங்கள் கேட்கும் ஊர்க் கிளப்புகள் பெருகியது, நகரத் தொழிலாளரில் பெரும்பகுதியினருக்கு வாக்குரிமை தந்த 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகுதான். உரிமை கிடைத்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறுவது எளிதாக இல்லை. ஆண்டுக்கு 10 பவுண்டு பெறுமானமுள்ள அறையில் வாடகைக்குக் குடியிருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் பட்டியலைத் திருத்த அமரும் வழக்கறிஞர் முன்பு எதிர்க்கட்சியினர் அவர் பெயரை ஆட்சேபிக்கவும் கூடும். ஆகவே, மாலையில் கிளப்பில் பில்லியர்ட்ஸ் கோலை ஊன்றிக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும் உறுப்பினரிடம், அறை மாறிவிட்டாரா, விண்ணப்பத்தில் கையெழுத்திட்டாரா என்று விசாரித்துவிட முடிந்தது கட்சிக்குப் பெரிய வசதி. வீடு வீடாக ஏறி இறங்கினாலும் அந்த ஆள் அவ்வளவு எளிதில் அகப்படமாட்டார்.

மதுவின் கதை இன்னும் சுவையானது. 1862இல் ஹென்றி சாலி என்ற பாதிரியார் தொடங்கிய தொழிலாளர் கிளப்புகளின் சங்கம் முதலில் மதுவை விலக்கியே வைத்திருந்தது. பீர் இல்லாத இடத்துக்கு ஆள் சேராது என்பது விரைவிலேயே விளங்கிவிட்டது. அரசியல் கிளப்புகளுக்கோ சட்டமே துணை நின்றது. உறுப்பினர்களுக்கே சொந்தமான கிளப்பில் பீர் அவர்களின் பொதுச்சொத்து என்பதால், அதை அவர்களுக்கு வழங்க மதுக்கடை உரிமம் தேவைப்படவில்லை. தேர்தல் ஊழலை ஒடுக்க வந்த 1883ஆம் ஆண்டுச் சட்டம், மது வழங்கும் இடங்களில் தேர்தல் பணிமனை அமைக்கக் கூடாதென்று தடுத்தபோது, நிலையான அரசியல் கிளப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. அதே சட்டம் செலவுக்கு உச்சவரம்பு விதித்து, கூலிக்கு ஆள் வைத்து வாக்குக் கேட்பதையும் முடக்கியதால், சம்பளமில்லாமல் உழைக்கும் தொண்டர்கள் கட்சிக்குத் தேவைப்பட்டார்கள். அவர்கள் அன்றாடம் கூடுமிடமோ கிளப்தான்.

செய்தித்தாள்கள் விரித்த வாசிப்பறை, டாமினோ, புகை மண்டும் பாட்டுக் கச்சேரி, ஆண்டு விருந்து, கோடையில் ரயிலில் ஒருநாள் உல்லாசப் பயணம் என்று கிளப் வாழ்க்கை நடந்தது. சுவரில் தொங்கும் படத்திலிருந்து லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனோ கன்சர்வேட்டிவ் தலைவர் டிஸ்ரேலியோ பார்த்துக்கொண்டிருப்பார். உறுப்பினர்கள் ஆட்டத்துக்கு வருகிறார்களே தவிர அரசியலுக்கு வருவதில்லை என்று கட்சிக்காரர்கள் அலுத்துக்கொண்டதும் உண்டு. எனக்கு அந்தக் குறை பாதிதான் நியாயமாகப் படுகிறது. கொள்கை விளக்கக் கூட்டம் மட்டுமே நடத்தியிருந்தால் மேசையைச் சுற்றி நின்ற பலர் வாசற்படியைக்கூட மிதித்திருக்கமாட்டார்கள்.

கேள்வி: பெண்களுக்கு அங்கே இடமிருந்ததா?

பதில்: கிளப் பெரும்பாலும் ஆண்களின் கோட்டைதான். பெண்களுக்கு வழி திறந்தது, 1883இல் கன்சர்வேட்டிவ் தரப்பில் தொடங்கிய பிரிம்ரோஸ் லீக். டிஸ்ரேலிக்குப் பிடித்த மலர் என்று சொல்லப்பட்ட மஞ்சள் பூவின் பெயரே அதற்கு. தேநீர் விருந்து நடத்திய பெண்களே தெருத்தெருவாகச் சென்று வாக்கும் கேட்டார்கள். அவர்களுக்கோ நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை.

கேள்வி: அக்காலத் தேர்தலில் ஒவ்வொரு பெயரும் அவ்வளவு முக்கியமா?

பதில்: 1892இல் லண்டன் மத்திய ஃபின்ஸ்பரி தொகுதியில் லிபரல் வேட்பாளராக நின்ற தாதாபாய் நௌரோஜி வென்றது வெறும் 5 வாக்கு வித்தியாசத்தில்தான்.