கேளுங்க, சொல்றோம்: ரிவால்வர் கைப்பிடிக்கு ஒரு சின்னத் துண்டு

கேள்வி: தாத்தா எஸ்டேட்ல இருந்தப்ப வாங்குன .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர், லைசென்ஸ் இப்ப என் பேர்ல. ட்ரிகர் கார்டுக்கு, அதாவது விசையைச் சுத்தி இருக்கற வளையத்துக்கு, பின்னாடி ஒரு அலுமினியத் துண்டு மாட்டியிருக்கும், 'டைலர்'னு சொல்றாங்க, அதோட செம்புத் தகடு ஒடிஞ்சு போச்சு. வெளிநாட்டுல இருந்து வரவைக்கலாமா, இல்ல கோயமுத்தூர்ல வார்த்துக்கலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: அது கிரிப் அடாப்டருங்க. ஓக்லஹோமா சிட்டியில மெல்வின் டைலர்ங்கறவர் போட்ட சரக்கு, டி-கிரிப்னு பேரு, ரப்பர்ல பாக்மேயர் கம்பெனியும் போட்டாங்க. பழைய ஸ்மித்ல கைப்பிடிக் கட்டை ஒல்லி, கார்டுக்குப் பின்னாடி காலி இடம், சுட்டா உதைக்கறப்ப கார்டு நடுவிரல் முட்டியில நங்குனு அடிக்கும், அந்த இடத்தை அடைக்கத்தான் இது.

வெளிநாட்டுப் பார்சல் வேண்டவே வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்துல ஆயுதம்னா அதோட பாகமும் சேர்த்திதான், கஸ்டம்ஸ்ல சிக்குனா அலைய வேண்டியது நீங்க. பழைய துப்பாக்கிக் கடை டிராயர்ல கேட்டுப் பாருங்க, அதுலயும் சின்ன ஃப்ரேமுக்கு (ஃப்ரேம்னா துப்பாக்கியோட உலோக உடம்பு) உள்ளதானான்னு பாத்து வாங்குங்க, அதைவிடப் பெரிய கே ஃப்ரேமுக்கு வந்தது உங்களுதுல உக்காராது.

ஆனா துண்டு முழுசா இருக்குன்னா புதுசா எதுக்கு வார்க்கணும், தகடு மட்டும் மாத்துனா போதும். செம்பை மடிச்சு நிமித்தி மடிச்சு நிமித்திப் பண்ணுனா இறுகி ஒடியும், பாஸ்பர் பிரான்ஸ்ங்கற வெண்கல வகைத் தகடுன்னா ஸ்பிரிங் மாதிரி நிக்கும். கனம் மட்டும் பழைய தகட்டைத் தாண்டக் கூடாது. அது கட்டைக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல போறது, தடியா இருந்தா கட்டை தூக்கிட்டு நிக்கும், அந்த நிலைமையில ஸ்க்ரூவை முறுக்குனா மரம் விரிஞ்சிரும், அப்புறம் அந்தக் காலத்துக் கட்டைக்கு எங்க போவீங்க?

துண்டே தேஞ்சு போயிருந்தாத்தான் வார்ப்பு. பழசையே பேட்டர்னா, அதாவது மண்ணுல அச்சு எடுக்கற மாதிரியா, வெச்சு வார்த்தா அலுமினியம் ஆறும்போது 100க்கு 1.3 அளவுக்குச் சுருங்கும், 40 மில்லிமீட்டர் துண்டுல அரை மில்லி போயிரும், மாட்டுனா லொடலொடன்னு ஆடும். பேட்டர்ன் ஆசாரிக்கு இது தெரியும், சுருக்கத்துக்குன்னே தனி ஸ்கேல் வெச்சிருப்பார். பழசு மேல மெழுகு ஏத்தி வார்த்து, அப்புறம் அரம் போட்டு இழைச்சுக்கலாம். புதுசுல டைலர் பேரை மட்டும் பொறிக்காதீங்க, நாளைக்கு யாரோ அதை ஒரிஜினல்னு வித்துருவாங்க.

முக்கியமானது இனிமேதான். வேலையை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மூலமாவே குடுங்க, லைசென்ஸ் இல்லாத பட்டறை துப்பாக்கியில கை வெச்சா குத்தம். உங்க லைசென்ஸ் எந்த ஏரியாவுக்குச் செல்லும்னு அதுலயே போட்டிருக்கும், கேரளாவுக்கு மட்டும்னா ரிவால்வரோட வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டுனதுமே தப்பாயிருது, பத்து நிமிசத்துல வந்துருவேன்னு சொன்னா போலீஸ் கேக்காதுங்க. அதனால பாலக்காட்டுப் பக்கமே கடை பாருங்க. அங்கயும் அளவு பாக்கத்தான் ரிவால்வர் வேணும், வார்ப்புக்கு ஆசாரிகிட்ட அடாப்டர் மட்டும் போனா போதும்.

கேள்வி: வீட்டுல பழைய யானைத் தந்தத் துண்டு கிடக்குது, ரிவால்வருக்குக் கட்டை போடலாமா?
- வாசகர், குமுளி

பதில்: தொடாதீங்க. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல நேரா மாட்டுவீங்க, வீட்டுல வெச்சிருக்கறதுக்கே உரிமைச் சான்று வேணும், முதல்ல அது இருக்கான்னு தேடுங்க. கட்டைக்கு ஈட்டி மரம் போதும், பில்லோட வாங்குங்க. வெள்ளையாத்தான் வேணும்னா ரெசின்ல போடலாம், பாக்க நல்லாத்தான் இருக்கும்.